நொச்சி போட்ட ஏழு மூட்டை

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு ராயபுரம் ரயில் நிலையத்தின் எதிரே ஆட்டோ என்னை இறக்கிவிட்டது. முதலில் மீன் வாசனை வந்தது. அதன் பின்னால் டீசல். அதற்கும் பின்னால் எங்கோ பேக்கரியில் பன் வேகும் வாசனை. நான் ஊரைவிட்டுப் போன முப்பத்தோரு வருடங்களில் இந்த வரிசை மாறவில்லை என்று நாட்குறிப்பில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன்.

நான் பிறந்தது இங்கேதான். அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். மூட்டைகளை வலைக்கயிற்றில் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கும் வேலை. காபி ஏற்றிய நாளில் மட்டும் அவர் சட்டையில் வைக்கோல் போல ஒரு வாசனை வரும். வறுக்காத காபிக்கொட்டையின் வாசனை அது. வைக்கோலே பார்த்திராத தெருவில் வளர்ந்த எனக்கு, வைக்கோலின் வாசனையே காபியிலிருந்துதான் தெரியும்.

இப்போது இருப்பது ஹாம்பர்க்கில். நூலக வேலையில் ஓய்வுபெற்ற பிறகு, நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய காபி வறுக்கும் கடையில் மாலை வேளைகளில் உதவிக்கு நிற்கிறேன். அவர்கள் விளைவிப்பவர்களிடமே நேராக வாங்கி, அறுவடைக்கு முன்பே விலை பேசி, அந்த விலையைப் பொட்டலத்தின் மேல் அச்சடித்தும் விடுவார்கள். இந்த வருடம் கொல்லிமலையில் நாற்பத்தொரு குடும்பங்கள் சேர்ந்த ஒரு குழுவோடு முதல் ஒப்பந்தம். முந்நூறு மூட்டை. அவை கன்டெய்னரில் ஏறுவதை நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். "உன் ஊர்தானே, போய் வா" என்றார்கள். எத்தனையோ வருடமாக அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

விடுதி அறையில் பெட்டியை வைத்துவிட்டு, எங்கள் வீடு இருந்த சந்துக்குப் போனேன். அங்கே செல்போன் பழுது பார்க்கும் கடை இருக்கிறது. வாசற்படி மட்டும் அதே கல். படியில் உட்கார்ந்து செருப்பைச் சரிசெய்வது போலக் கொஞ்ச நேரம் இருந்தேன். கடைக்காரர், "இன்னா சார், டிஸ்பிளே பூட்சா?" என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

முனையில் இருந்த டீக்கடையில் ஒரு காபி கேட்டேன். பாக்கெட்டைக் கிழித்துத் தூளைப் பாலில் கொட்டி ஆற்றிக் கொடுத்தார். கடைக்குப் பின்னால் ஒரு பர்லாங்கில் துறைமுகம். எத்தனை வருடம் எத்தனை மூட்டை அந்த வழியாகப் போயிருக்கும்! அதில் ஒரு கொட்டைகூட இந்தப் பக்கம் உருண்டு விழவில்லை போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தேன். திருவொற்றியூரில் கிடங்கு, இருபது நிமிடப் பயணம் என்று கணக்கிட்டிருந்தேன். கொருக்குப்பேட்டை தாண்டியதும் வண்டி நின்றது. ஒரு கூட்ஸ் போக வேண்டுமாம். பத்து நிமிடம், இருபது நிமிடம். ஹாம்பர்க்கில் ரயில் நான்கு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் தலையைத் தூக்கவில்லை. நான் மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும், எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாள் சொன்னார்: "அத்த எத்தினி தபா பாத்தாலும் அது மட்டும்தான் ஓடும் நைனா. வண்டி ஓடாது."

நாற்பத்திரண்டு நிமிடம். கிடங்கு வாசலுக்குப் போனபோது மலையிலிருந்து வந்த லாரி எனக்கு முன்பே நின்றிருந்தது. லாரியின் முன்பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் இறங்கி, சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பழனியம்மாள். ஐம்பது வயதிருக்கும். மலையில் கொட்டையின் தோலை நீக்கும் மிஷின் இவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மூட்டை பிடித்துத் தைப்பது இவர் பொறுப்பு. இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

"வியாபாரி வாசல்ல தராசு வெச்சு வாங்கிட்டுப் போயிருவாருங்க. அப்புறம் எங்க போவுது, ஆரு குடிக்கறா, ஒண்ணுந் தெரியாது. இந்தத் தடவ எல்லாத்தையும் நான்தானுங்க பேசி வியாபாரிகிட்ட குடுக்காம நிறுத்துனேன். அவரு சொன்னாரு, 'கப்பல்ல போவுதா? போயிட்டு வரட்டும்'னு. ஏங்கண்ணா, கப்பல்ல ஏறுறத நான் பாக்கலாமுங்களா?"

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அதை ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் மூட்டை கப்பலில் ஏறுவதை யாரும் பார்ப்பதில்லை. கிடங்கிலேயே கன்டெய்னருக்குள் அடுக்கி, பூட்டி, முத்திரை வைத்து அனுப்புகிறார்கள். துறைமுகத்தின் வாசலுக்குள் நம்மை விட மாட்டார்கள். வலைக்கயிறும் வின்ச்சும் என் அப்பாவோடு போய்விட்டன.

கிடங்கின் மேஸ்திரி சகாயம், ராயபுரத்துக்காரர். வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃபாரின் பார்ட்டின்னாங்கோ. நம்ம ஊட்டாண்ட மூஞ்சி மாதிரி கீது?" சந்தின் பெயரைச் சொன்னேன். "அட, நம்ம ஆளு! அப்ப ஒயுங்கா தமிழ்ல திட்டலாம்" என்றார். அவரோடு பதினோரு பேர், அதில் நான்கு பெண்கள். காபி மூட்டைக்குக் கொக்கி போடக் கூடாது என்பதால் எல்லாம் தோளில்தான்.

ருசி பார்த்துத் தரம் சொல்லும் ரெஹானாவும் வந்துவிட்டிருந்தார். பழைய வண்ணாரப்பேட்டைப் பெண், முப்பது வயது. சாக்கைக் குத்திக் கொட்டை எடுக்கும் நீண்ட குழல் ஒன்று கையில் இருந்தது. குத்தூசி என்கிறார்கள். முதல் மூட்டையின் வாய்ப்பக்கம் குத்தி இழுத்தார். உள்ளங்கையில் விழுந்த பச்சைக் கொட்டைகளுக்கு நடுவே காய்ந்த இலை ஒன்று, நான்காக உடைந்து கிடந்தது. முகர்ந்தார். இரண்டாவது மூட்டையைக் குத்தினார். இலை. பத்தாவது மூட்டையிலும் இலை.

"மேஸ்திரிண்ணே, ஏத்தாதீங்க. நிறுத்துங்க."

பழனியம்மாள் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். "நொச்சிங்க. நான்தான் போட்டேன். பூச்சி வராதுங்களே! தெனை, சாமை எல்லாத்துக்கும் போடுவோம். இது கடல் தாண்டிப் போவுதுன்னு சொன்னாங்க, எத்தன நாள் ஆவுமோன்னு ஒரு மூட்ட விடாம போட்டேன்."

அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். ரெஹானா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏற்றுமதிக் காபியில் ஒரு குச்சி இருக்கக் கூடாது. இலை இருந்தால் அந்த நாட்டுத் துறைமுகத்திலேயே மொத்தமும் நின்றுவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், பச்சைக் காபி பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் குடித்துவிடும். அதற்கு என் அப்பாவின் சட்டையே சாட்சி, திசை மட்டும் வேறு.

விஷயத்தை ரெஹானாதான் எடுத்துச் சொன்னார், மெதுவாக. பழனியம்மாளின் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாததுபோல முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கேட்டார்: "அந்த ஊருக்காரங்களுக்கு நொச்சின்னா என்னன்னே தெரியாதுங்களே?"

"தெரியாததுனாலதான் யக்கா பயப்படுவாங்கோ" என்றார் ரெஹானா.

வியாழன் மாலை ஆறு மணிக்குள் கன்டெய்னர் எண்ணூர் துறைமுக வாசலைத் தாண்ட வேண்டும். தவறினால் அடுத்த கப்பலுக்கு மூன்று வாரம். அதுவரை மூட்டையைக் கிடங்கில் வைத்தால் கடற்கரை ஈரம் ஏறி, பேசிய தரம் போய்விடும். தரம் போனால் பேசிய விலையும் போய்விடும். மலையில் வியாபாரி தராசோடு காத்திருப்பார். இத்தனையும் யோசித்துவிட்டு மேஸ்திரியிடம் கேட்டேன்: முந்நூறு மூட்டையையும் பிரித்து, இலையை எடுத்து, மறுபடி தைக்க முடியுமா?

அவர் லாரியின் பக்கவாட்டில் கட்டியிருந்த பேனரைக் காட்டினார். எங்கள் கடை அச்சடித்து அனுப்பியது. விளைவிப்பவருக்கு நியாயமான விலை என்று தமிழிலும் எழுதியிருந்தது.

"மலைக்கு நாயமான வெல, சரி. ஒத்துக்கறேன். அத்த மலைலேந்து எறக்கி, பிரிச்சு, பொறுக்கி, தச்சி, தூக்கிக் கட்டுறானே, அவனுக்கு இன்னா நாயம்? அது எந்த போர்டுல கீது?"

எந்த போர்டிலும் இல்லை. அப்படியே சொன்னேன். ஹாம்பர்க்கில் அப்போது காலை ஆறு மணிகூட ஆகவில்லை. கடை நண்பரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, இரண்டு நாளுக்கு இரட்டைக் கூலி என்று பேசினேன். அவர் கணக்கே கேட்காமல் சரி என்றார். மேஸ்திரி தலையாட்டினார். "ஐய, கேட்டதும் குட்த்துட்டாங்கோ. இன்னும் கொஞ்சம் கேட்டுருக்கலாம் போலக்கீதே" என்று தன் ஆட்களைப் பார்த்துச் சொல்ல, கிடங்கு முழுவதும் சிரிப்பு. பழனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே ஒரு மூட்டையின் தையலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்.

புதன்கிழமை முழுவதும் அதே வேலை. தையலைப் பிரித்து, இலையைப் பொறுக்கி, இலை பட்ட மேல்வாய்க் கொட்டையை ஒரு படி எடுத்துத் தனியே கொட்டிவிட்டு, மறுபடி தைப்பது. தகரக் கூரையின் கீழே பங்குனி வெயில். நான் எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு நூற்றுப்பத்து. மதியம் மேஸ்திரி வீட்டிலிருந்து சுறாப்புட்டும் சோறும் வந்தது. பழனியம்மாள் கடல்மீன் தின்றதில்லையாம். கறியா மீனா என்று கேட்டுக்கேட்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"சுறா யக்கா. உன்னயும் துண்ணும், நீயும் அத்த துண்ணலாம்" என்றார் மேஸ்திரி. "ஆமா, இந்த எலய போட்டியே, சுறாவுக்குப் போட்டா கெடாதா?"

"உங்களுக்குப் போட்டாத்தான் கெடாம இருப்பீங்க" என்றார் பழனியம்மாள். அந்த இரண்டு நாளில் அவர் சொன்ன ஒரே கேலி. மேஸ்திரிக்கு அவ்வளவு பெருமை.

மூன்று மணிக்கு ரெஹானா பின்னறையில் மாதிரிகளை வறுத்து, அரைத்து, கிண்ணங்களில் கொதிநீர் ஊற்றி வரிசையாக வைத்தார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. கரண்டியில் எடுத்து உர்ரென்று உறிஞ்சித் துப்பினார். "பாப்பா உறிஞ்சற சவுண்டு தண்டையார்பேட்ட வரைக்கும் கேக்குது" என்று வெளியிலிருந்து ஒரு குரல். ரெஹானா முகத்தை மாற்றாமல் அடுத்த கிண்ணத்துக்குப் போனார். நல்லது, நல்லது, நல்லது. இலை பட்ட மேல்வாயை எடுத்துவிட்டதால் உள்ளே வாசனை ஏறவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசியில் ஒரு கிண்ணத்தில் நின்றார். திரும்ப எடுத்தார். மறுபடியும்.

"இது எந்த மூட்டைங்க?"

ஏழு மூட்டை, பச்சை நூலில் தைத்தவை. மேஸ்திரியின் ஆட்கள் ஒன்றைப் பிரித்துத் தார்ப்பாயில் கொட்டினார்கள். மேலே பொறுக்கிய இடத்துக்குக் கீழேயே இலை. நடுவிலே இலை. அடியிலும் இலை, கொத்துக்கொத்தாக, காம்போடு.

"அது எங்க தோட்டத்துதுங்க" என்றார் பழனியம்மாள். "நம்முளுதாச்சேன்னு கொஞ்சம் கூடப் போட்டேன்."

ரெஹானா ஒரு கரண்டியை அவரிடம் நீட்டினார். பழனியம்மாள் வீட்டில் காபி குடிக்கிறவர்தான். ஆனால் கீழே விழுந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்கி, சட்டியில் வறுத்து, வெல்லம் போட்டுக் குடிப்பது. முதல் தரத்தை இவர்கள் குடிப்பதில்லை, விற்பதற்கு வேண்டும். அன்றுதான் முதல் முறை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"கசக்குதுங்க." கொஞ்சம் கழித்து, "அப்புறம் ஒரு மாதிரி பலா வாசம் வருது. எங்க பலாமரத்துக் கீழதான் அந்தச் செடியெல்லாம்." இன்னும் கொஞ்சம் கழித்து, "கடைசியில நொச்சி."

"காபி சூப்பர் காபி யக்கா" என்றார் ரெஹானா. "இந்த லாட்லயே இதான் பஸ்ட்டு. ஆனா நொச்சி உள்ள பூந்துகினு கீது. என்னால பாஸ்னு எழுத முடியாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எழுதலாம். நீங்கதானே பையர் சைடு."

உண்மைதான். ஏழு மூட்டையை மற்ற மூட்டைகளுக்கு நடுவே அடுக்கி நான் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் நாற்பது நாளில், மூடிய பெட்டி இரண்டு முறை பூமத்திய ரேகை வெயிலில் வேகும். ஏழிலிருந்து நொச்சி முந்நூறுக்கும் பரவினால் அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது. நான் வாய் திறப்பதற்குள் பழனியம்மாள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"எடுத்து வெச்சுருங்க. நான் சொல்லித்தான் எல்லாம் நம்பிக் குடுத்தாங்க. என் மூட்டையால அவங்களுது நிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு வெளியே போய் அந்த ஏழையும் அவரே மறுபடி தைத்தார். பச்சை நூலாலேயே.

வியாழன் காலை பத்து மணிக்குள் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று மூட்டைகள் ஏறி, கதவு மூடி, முத்திரை விழுந்தது. டிரெய்லரின் பின்னாலேயே நாங்கள் இருவரும் ஆட்டோவில் போனோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக, நின்ற ரயில் போல நின்றிருந்தன. பதினொன்று, பன்னிரண்டு, இரண்டு. ஒரு கட்டத்தில் ஆட்டோ சூடேறி நின்றுவிட, டிரைவர் இறங்கி என் தண்ணீர் பாட்டிலை வாங்கி இன்ஜினுக்கு ஊற்றினார். "நீங்க டீ குடிங்கோ சார், வண்டி தண்ணி குடிக்கட்டும்." நாலே முக்காலுக்கு எங்கள் பெட்டி வாசலைத் தாண்டியது. ஆரஞ்சு நிறப் பெட்டி, உள்ளே திரும்பி மறைந்தது. அவ்வளவுதான்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் பழனியம்மாள்.

அவருக்கு நான் சொன்ன வார்த்தை இருந்தது. டிரைவரிடம் கேட்டேன். "கப்பல் பாக்கணுமா? நாளிக்கி நெட்டுக்குப்பம் இட்டாறேன். அங்கேந்து தெரியும்" என்றார்.

வெள்ளி மாலை நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் முகத்துவாரம், மறுபக்கம் மின்நிலையப் புகைபோக்கிகள், நடுவே வலை உலர்த்தும் மணல். பழனியம்மாள் கடலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், கோயிலுக்கு வந்தவர் போல. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களுக்காக அடிவானத்தை வாசித்தார்: "அது கரிக் கப்பலு. அந்தாண்ட நிக்கிறது காரு கப்பலு. பொட்டிக் கப்பலு இன்னும் கெளம்பல." ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒன்று கிளம்பியது. நிறம் நிறமாகப் பெட்டிகள், இந்தத் தூரத்தில் தீப்பெட்டி அடுக்கு போல.

"அதுதானுங்களா?"

நேரம் சரியாக இருந்தது. பெயர் தெரியவில்லை. "அதுதான்" என்றேன்.

அவர் அந்தக் கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது போகிற ஊரில்தான் என் கட்டில், என் புத்தகங்கள், என் குடை எல்லாம் இருக்கின்றன. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே தோன்றவில்லை. நான் தெற்கே, ராயபுரம் இருக்கும் திசையில், விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே மணலில் நின்று ஆளுக்கொரு பக்கம் ஏங்கிக்கொண்டிருந்தோம். வலைக்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

கப்பல் புள்ளியானதும் பழனியம்மாள் இடுப்பிலிருந்து போனை எடுத்து மலைக்குப் பேசினார். அந்தப் பக்கம் பல குரல்கள், ஒரே நேரத்தில்.

"ஏறிருச்சு. ஆமா, கண்ணால பாத்தேன். எல்லாந்தான். எல்லாம் ஏறிருச்சு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

அந்த ஏழு மூட்டையை வண்ணாரப்பேட்டையில் காபித்தூள் கடை ஒன்றுக்கு ரெஹானா பேசிக் கொடுத்தார், உள்ளூர் விலைக்கு. சனிக்கிழமை நான் விடைபெறப் போனபோது, குத்தூசியால் எடுத்த கொட்டையை என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டேன். குத்தி எடுத்ததைத் திரும்ப மூட்டையில் போடுவது வழக்கமில்லையாம். காகிதப் பொட்டலத்தில் எண் போட்டு வைத்திருந்து, பிறகு பெருக்கித் தள்ளிவிடுவார்களாம். பச்சை நூல் மூட்டைகளின் பொட்டலங்கள் ஏழும் அலமாரியில் இருந்தன. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சித்திரைக் கடைசியில் கன்டெய்னர் ஹாம்பர்க் வந்து சேர்ந்தது. நொச்சியின் சுவடுகூட இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். விளைவித்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொட்டலத்தில் அச்சடிக்க வேண்டும். மூட்டைக் கணக்கைப் பார்த்து எழுதுவது என் வேலை. நாற்பது பெயர்கள்தான் வந்திருக்க வேண்டும். நாற்பத்தொன்று எழுதினேன். முப்பத்தோரு வருட நாட்குறிப்பில் நேரம் தவறாமல், தேதி தவறாமல் எழுதி வந்தவன் நான்.

அன்று மாலை வீட்டில் ஏழு பொட்டலத்தையும் பிரித்து ஒன்றாக வறுத்தேன். முதலில் வைக்கோல் வாசனை எழுந்து, மெல்ல மறைந்தது. குடித்தேன். கசப்பு, அப்புறம் பலா, கடைசியில் நொச்சி. ஜன்னலுக்கு வெளியே யாருக்கும் பெயர் தெரியாத வாசனை.

மலைக்குப் போன் செய்தேன். மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினார்.

"கப்பல் வந்துருச்சுங்களா அண்ணா?"

"வந்துருச்சும்மா. எல்லாம் வந்துருச்சு."

யாரோ மிஷினை நிறுத்தினார்கள்.

"ஏழுமுங்களா?" என்றார், மெதுவாக.

"ஏழும்" என்றேன்.